ரயில் வண்டியில் ஒலித்த குரல்

ஔவைப் பிராட்டியார் எவ்வாறு இருந்திருப்பார் என்று கேட்டால், நம் காலனியில் வயது முதிர்ந்த எவரும் சற்றும் தயங்காமல் ஒரு முகத்தைச் சொல்லுவர். நெற்றி நிறைய நீறு, வெண்ணிற ஆடை, கையில் கோல், கணீரென்ற குரல். 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ஔவையார் படத்திலும், 1965ஆம் ஆண்டு வெளிவந்த திருவிளையாடல் படத்திலும் அவ்வேடத்தில் தோன்றிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரே அவர். கனிக்காகக் கோபித்துக் கொண்டு குன்றேறி நின்ற முருகனை அவர் பாடி அழைக்கும் காட்சியை இளைய தலைமுறையினரும் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். அம்மையாரை மூதாட்டியாகவே கண்டு பழகிய நமக்கு, அவர் ஒரு காலத்தில் சிறுமியாக இருந்தார் என்பதும், அச்சிறுமி ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றுப் பிழைத்தாள் என்பதும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் அடியேனுக்கு அம்மையாரின் வரலாற்றில் நெஞ்சைத் தொடும் பகுதி அதுவே. ஆதலால் அவருடைய புகழ்க் காலத்தைச் சுருக்கி, அதற்கு முன் அவர் பட்ட பாட்டையே இங்கு விரித்துச் சொல்ல விழைகின்றேன்.

நம் வைட்ஃபீல்ட் நிலையத்தைக் கடந்து தமிழ்நாடு நோக்கிச் செல்லும் இரவு வண்டிகளுள், மைசூரிலிருந்து காவிரிப் படுகைக்குப் போகும் வண்டியும் ஒன்று. நம்மில் பலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்வது அதில்தான். ஜோலார்பேட்டையில் திரும்பி, சேலமும் ஈரோடும் தாண்டி, நள்ளிரவுக்குப் பின் அவ்வண்டி காவிரிக் கரையோரமாக ஓடும். பாசூர், ஊஞ்சலூர் என்னும் சிறு நிலையங்களுக்கு அப்பால் கொடுமுடி என்றொரு பலகை வரும். உறங்கிக் கொண்டிருப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மூவர் தேவாரமும் பெற்ற பழம்பதி அது. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு, பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்கு மகளாகப் பிறந்தவர் சுந்தராம்பாள். பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றொன்று தாயைக் குறிக்கும். தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வதே வழக்கமான நாட்டில், தாயின் பெயரை வாழ்நாள் முழுவதும் தாங்கிச் சென்றார் அம்மையார். அவரை வளர்த்து ஆளாக்கியது யார் என்பதை அந்த ஓரெழுத்தே சொல்லிவிடும்.

குடும்பத்துக்கு நிலமில்லை, கைத்தொழிலும் இல்லை. பசி மட்டும் நாள் தவறாமல் வந்தது. சிறுமியிடம் இருந்த ஒரே உடைமை அவளுடைய குரல். எவரிடமும் முறையாக இசை பயிலாமல், கோயிலிலும் தெருவிலும் காதில் விழுந்த பாடல்களை அப்படியே பிடித்துப் பாடும் ஆற்றல் அவளுக்கு இயல்பாக அமைந்திருந்தது. அக்குரலே குடும்பத்தின் பிழைப்புக்கு வழியாயிற்று. ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடைப்பட்ட பாதை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பக்கத்து வண்டிகளில் ஏறி, பயணிகள் நடுவே நின்று பாடி, அவர்கள் தரும் சில்லறையைத் தாயிடம் கொண்டு சேர்த்தாள் சிறுமி.

அன்றைய ரயில் வண்டியை இன்றைய வண்டி போல் எண்ணிவிடலாகாது. மூன்றாம் வகுப்பில் மரப்பலகையே இருக்கை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளே நடந்து செல்ல வழி கிடையாது. ஒரு பெட்டியில் பாடி முடித்தால், அடுத்த நிலையம் வரும் வரை காத்திருந்து, இறங்கி ஓடி, வண்டி புறப்படுவதற்குள் வேறொரு பெட்டியில் ஏற வேண்டும். நீராவி எஞ்சினின் இரைச்சல், சக்கரங்களின் ஓசை, சந்தைக்குச் செல்வோரின் பேச்சு, கைக்குழந்தைகளின் அழுகை இவ்வளவையும் மீறிக் கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பவர் காதுக்கும் பாட்டு எட்டினால்தான் காசு. அம்மையாரின் குரலுக்குப் பிற்காலத்தில் எவ்வளவோ பேர் எவ்வளவோ காரணங்கள் சொன்னார்கள். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியே அவருக்கு முதற் பாடசாலையாக இருந்தது என்பதுதான்.

ரயிலில் பாடிய அக்குரல் ஒரு நாள் எஃப். ஜி. நடேச ஐயரின் காதில் விழுந்தது. இவரைப் பற்றி இரண்டொரு சொற்கள் சொல்ல வேண்டும். நடேச ஐயர் தென்னிந்திய ரயில்வேயில் உயர்ந்த பதவி வகித்த அதிகாரி. அக்கம்பெனியின் தலைமையிடமான திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர். அலுவலகத்தில் கோப்பும் கணக்குமாக இருந்த மனிதர், மாலையானால் நாடகக் கலைஞராகிவிடுவார். 1914ஆம் ஆண்டு திருச்சியில் ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்தவர் அவரே. பின்னாளில் ஏழிசை மன்னர் என்று நாடு கொண்டாடிய எம். கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாகக் கண்டெடுத்து, அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் அவர்தாம். தமிழகத்தின் தலைசிறந்த இரண்டு குரல்களை ஒரே மனிதர் கண்டறிந்தார் என்றால், அவருடைய செவியின் நுட்பத்தை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

வண்டியில் பாடிப் பிச்சை கேட்பதை இன்றைய சட்டம் தடை செய்கின்றது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 144ஆம் பிரிவு அதைக் குறித்ததே. சட்டம் தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் காரணங்களை அறிவேன். ஆயினும் அந்நாளில் அவ்வண்டியில் அமர்ந்திருந்தவர் வேறோர் அதிகாரியாக இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. அடுத்த நிலையத்தில் அச்சிறுமியை இறக்கிவிடும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. நடேச ஐயரோ அதிகாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டுச் செவியைக் கொடுத்தார். சிறுமியின் குடும்பத்தைப் பற்றி விசாரித்து, அவளை அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ப்பதற்கு வழி செய்தார். அப்பொழுது அவளுக்கு ஒன்பது அல்லது பத்து வயதுதான் இருக்கும்.

கம்பெனியில் அவளுக்கு முதலில் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் ஒரு பிள்ளை வேடம் என்பர். நல்லதங்காள் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். பஞ்சத்தால் பிறந்தகம் தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த பேதையின் கதை அது. அதில் பசி பொறுக்காமல் தாயிடம் அழுது பாடும் பிள்ளையாகச் சுந்தராம்பாள் நின்றாள். அவ்வேடத்துக்கு யாரும் அவளுக்குப் பயிற்சி தந்திருக்க வேண்டியதில்லை. அழுகையும் பாட்டும் எந்த இடத்தில் ஒன்றாகும் என்பது அக்குழந்தைக்கு முன்பே தெரியும். கொட்டகையில் இருந்தோர் கண்ணீர் விட்டனர். பாட்டைத் திரும்பப் பாடுமாறு கேட்டனர். பசியைப் பாடியதனாலேயே அவள் வீட்டில் பசி தீர்ந்தது.

நாடக வாழ்க்கை என்றவுடன் விளக்கொளியும் கைதட்டலும் நம் கண்முன் வரும். அக்காலத்து நடிகையின் நிலைமையோ வேறு. பெண் வேடங்களைப் பெரும்பாலும் சிறுவர்களே புனைந்த காலம் அது. பெண்ணொருத்தி மேடையேறினால், இரவெல்லாம் அவள் பாட்டில் மயங்கிய ஊரார் பகலில் அவளை வீட்டுத் திண்ணையில் ஏற்றவும் கூசுவர். கும்பகோணத்தில் முற்றிலும் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளின் நாடகங்களுக்குத் திரண்ட கூட்டத்திற்காக ரயில்வே கம்பெனியார் தனி வண்டியே விட்டனர் என்றும், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர் வழங்கிற்று என்றும் சொல்லுவர். எங்கள் இலாகாவின் பழங்கதைகளுள் எனக்கு மிகவும் பிடித்தமானது இது. வண்டி விடும் அளவுக்கு மக்கள் வந்தனர். ஆனால் அதே மக்கள் தந்த மதிப்பு மேடையோடு முடிந்துவிட்டது. இத்தகைய உலகில்தான் சுந்தராம்பாள் சிறு பிள்ளை வேடங்களிலிருந்து ஆண் வேடங்களுக்கும், பின்னர் நாயகி வேடங்களுக்கும் வளர்ந்தார்.

நாளடைவில் அவர் ஸ்பெஷல் நாடகங்களில் நடிக்கத் தொடங்கினார். கம்பெனி நாடகத்துக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் அறியார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ஒருவர் மதுரையிலிருந்து வருவார். மற்றொருவர் தஞ்சையிலிருந்து வருவார். ஒத்திகை என்பதே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவே அவர்களை இணைக்கும் கயிறு. எதிரில் நிற்பவர் திடீரென்று ஒரு கேள்வியைப் பாட்டாக எடுத்துவிட்டால், அதே ராகத்தில், அதே சுருதியில், உடனே விடை பாட வேண்டும். பாட இயலாமல் விழித்தால் கூட்டம் எழுந்து நின்று கூச்சலிடும். மறுநாள் அழைப்பு வராது. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி இல்லை. நம் ஆண்டு விழாவில் குழந்தைகள் இரண்டு நிமிடம் பாடுவதற்கே மூன்று மைக் வைக்கின்றோம். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வெறும் தொண்டையால் பாடியவர்கள் அவர்கள். ரயில் பெட்டியில் பழகிய குரல் அங்கே கைகொடுத்தது.

அம்மையார் புகழின் வாயிலைக் கண்டது தமிழகத்தில் அன்று, இலங்கையில். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் வழி அமைந்திருந்தது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அவ்வழி இருந்தது. தமிழ் நாடகக்காரர்கள் பலர் அவ்வழியே கடல் கடந்தனர். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த தமிழர் அங்கே ஏராளமாக இருந்தனர். தாய்மொழியில் ஒரு பாட்டுக் கேட்பதற்கு அவர்கள் எவ்வளவு ஏங்கினர் என்பதை நம் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்பில் அம்மையார் நடித்துக் கொண்டிருந்தபோது, 1926ஆம் ஆண்டு, எஸ். ஜி. கிட்டப்பா அங்கு வந்து சேர்ந்தார். செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த கிட்டப்பாவும் வறுமையின் பிள்ளையே. அறியாப் பருவத்திலேயே அண்ணன்மாருடன் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கன்னையா கம்பெனியின் பிரம்மாண்டமான நாடகங்களால் நாடறிந்த நடிகரானவர். அவருடைய உச்சக் குரலுக்கு ஈடு கொடுத்துப் பாடத்தக்க நடிகை கிடையாது என்பது அந்நாளைய பேச்சு. இருவரையும் வள்ளி திருமணத்தில் சேர்த்து நிறுத்தினர். எட்டாத உயரத்தில் அவர் ஒரு பாட்டை எடுக்க, அதே உயரத்தில் நின்று அம்மையார் விடை பாடினார். ரசிகர்களுக்கு அன்று கிடைத்த விருந்தைப் பற்றி நெடுங்காலம் பேசிக் கொண்டிருந்தனர். அதன் பின் இவ்விருவர் பெயரும் சேர்ந்து அச்சான துண்டுப் பிரசுரம் ஒட்டப்பட்டால் போதும், வண்டி கட்டிக் கொண்டு மக்கள் வந்தனர்.

மேடையில் வள்ளியும் முருகனுமாக நின்றவர்கள் 1927ஆம் ஆண்டு வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகியிருந்தது. குலமும் வேறு. இருபது வயதும் நிரம்பாத அம்மையார் இவற்றையெல்லாம் அறிந்தே அவ்வாழ்வை ஏற்றார். பாட்டில் ஈடு கொடுத்தவருக்கு வாழ்க்கையில் சரிநிகர் இடம் கிடைக்கவில்லை. பிறந்த ஒரு குழந்தையும் தங்கவில்லை. பிணக்குகளும் பிரிவுகளும் வந்தன. அக்காலத்தில் அவர் கணவருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி அறிந்தோர் எழுதியிருப்பவற்றைப் படித்தால், ஆயிரக்கணக்கானோர் கேட்க ஏங்கிய குரலுக்கு உரியவர், ஒருவர் செவி சாய்க்க மாட்டாரா என்று எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது விளங்கும். கிட்டப்பாவின் மேதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இசையில் அவர் பெரியவர். இல்வாழ்வில் அம்மையாரே பெரியவர் என்பது என் எண்ணம். மாறுபடுவோர் மன்னிக்க.

உடல் நலம் குன்றி, 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27. அம்மையாருக்கு 25. அன்றே வண்ணப் புடவையையும் அணிகலன்களையும் துறந்து வெள்ளாடை உடுத்தார். ஆண் நடிகர் எவருடனும் இனி இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடக நடிகைக்கு நாயகனுடன் பாடும் பாட்டே வருமானம். அதை விட்டால் வேறு தொழில் இல்லை. அவரை நம்பியோ தாயும் உடன்பிறந்தோரும் இருந்தனர். எனவே அந்த உறுதி, மீண்டும் ரயில் பெட்டிக் காலத்து வறுமைக்கே கொண்டு போய் விட்டிருக்கக் கூடியது. சில காலம் மேடைப் பக்கமே அவர் வரவில்லை.

பின்னர் அவர் கண்ட வழி வியப்பானது. நாயகனுடன் நடிக்க வேண்டாம் என்றால் நாயகனாகத் தாமே நடித்துவிடுவது! சிறு வயதில் ஆண் வேடம் புனைந்த பழக்கம் இருக்கவே இருந்தது. தில்லையைக் காணத் துடித்த நந்தனாராக அவர் மேடையில் நின்றார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தனின் ஏக்கத்தை, ஊராரின் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு நடிகை பாடியபோது கேட்டவர்கள் உருகியதில் வியப்பில்லை.

அந்நாளில் தமிழில் பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிய அசன்தாஸ் என்னும் வடநாட்டுத் தயாரிப்பாளர் அம்மையாரைத் தேடி வந்தார். அவருக்கோ படத்தில் நடிக்க விருப்பமில்லை. வந்தவரை எவ்வாறு அனுப்புவது என்று எண்ணி, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாயைத் தாண்டாத காலம் அது. கேட்டவர் ஓடிவிடுவார் என்று நினைத்தால், அவர் ஒப்புக் கொண்டுவிட்டார். இந்தியாவில் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ஊதியம் பெற்ற முதல் கலைஞர் என்னும் பெயர் அம்மையாருக்கு இவ்வாறுதான் வந்தது. 1935ஆம் ஆண்டு பக்த நந்தனார் வெளியாயிற்று. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் வேதியராக நடித்தார். காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாடிய குரலுக்கு லட்சம் ரூபாய் விலை வந்தது என்று இதைச் சிலர் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை ரயிலில் பாடிய சிறுமிக்கு இருந்ததில்லை. யார் எது கொடுத்தாலும் வாங்கிக் கொள்ள வேண்டும். லட்சம் ரூபாயைக் காட்டிலும், வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே அம்மையார் ஈட்டிய பெரும்பொருள்.

இதற்குப் பிற்பட்டவை பலரும் அறிந்தவை. 1940இல் மணிமேகலை, தேசிய இயக்க மேடைகளில் சத்தியமூர்த்தி முதலிய தலைவர்களுடன் பாட்டு, 1951இல் சென்னை மேலவை உறுப்பினர் பதவி. திரைப்படக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்துள் நுழைந்தது இந்நாட்டில் அதுவே முதன்முறை. 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். 1969இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்கு மத்திய அரசின் சிறந்த பாடகி விருது, 1970இல் பத்மஸ்ரீ. 1980ஆம் ஆண்டு அவர் மறையும் வரை அந்த வெள்ளாடையும் மாறவில்லை. ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியும் தளரவில்லை. பாட்டி வேடங்களும் பக்தை வேடங்களுமே அவரைத் தேடி வந்தமைக்கு அவ்வுறுதியும் ஒரு காரணம்.

அவற்றுள் ஔவை வேடம் அவருக்குப் பொருந்தியது போல் வேறொன்றும் பொருந்தவில்லை. ஊர் ஊராக நடந்து, பாட்டுப் பாடிக் கூழுக்குக் கை நீட்டிய புலவர் ஔவை. அதை நடிக்கையில் 45 வயது அம்மையார் கொடுமுடி வண்டிகளை நினைத்துக் கொண்டாரோ என்னவோ, கூழ் வாங்கும் ஔவையின் கையில் கெஞ்சல் இல்லை. பாட்டைக் கொடுத்துவிட்டு அதற்குரியதை வாங்குகின்றவரின் மிடுக்கே தெரிகின்றது. படம் தமிழகம் எங்கும் மாதக் கணக்கில் ஓடியது. திருச்சியில் நடேச ஐயர் அப்பொழுது முதுமையுற்று வாழ்ந்திருந்தார். 1938ஆம் ஆண்டு வந்த சேவாசதனம் படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியின் முதிய கணவராக நடித்து அவரும் திரைக்கு வந்துபோனவரே. அவர் காலமானது 1963ஆம் ஆண்டில். ஓடும் வண்டியில் தம் செவிக்கு எட்டிய குரல், ஊர்தோறும் கொட்டகைகளிலும் கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளிலும் ஒலித்ததை அவர் பத்தாண்டுகள் இருந்து கேட்டார்.